ஆர்வில்லாவின் எட்டுச் செடிகள்

ஹேடன் கோவ், மெய்ன்
1981 டிசம்பர் 14

ஆர்வில்லாவுக்கு,

உன் மகள் நடீன் போனில் கேட்டுக்கொண்டபடி உன் வீட்டுக்குக் குடிவந்து ஒரு வாரம் ஆகிறது. நீ கேட்டு நான் வரவில்லை. நீ கேட்டிருக்கவும் மாட்டாய். பனிக்கட்டியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவள் நீ. ஆனால் அடுப்பெரியாத வீட்டில் குழாயெல்லாம் உறைந்து வெடித்துவிடும். குழாய் என்ன பாவம் செய்தது?

பக்கத்திலேயே இருக்கிற என் வீட்டைவிட இங்கே கதகதப்பாக இருக்கிறது. உன் விறகடுப்பு நல்ல அடுப்பு. காய்ந்த மேப்பிள் கட்டையைப் போட்டால் விடியும்வரை எரிகிறது. உன் பூனை முதல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. யாரிடம் கற்றதோ.

கொல்லையில் உன் எட்டுக் குச்சிகளும் பனிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நியூ ஜெர்சியிலிருந்து காரில் ஏற்றிக் கொண்டுவந்தாயே, அந்த ப்ளூபெர்ரிச் செடிகள்தான். மூன்று வருஷத்துக்கு முன் சர்ச் விருந்தில் அவற்றைப் பற்றிச் சொன்ன சொல்லை நான் திரும்பப் பெறுவதாக இல்லை. ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் காட்டு ப்ளூபெர்ரி தானாகப் படர்ந்து கிடக்கிற பொட்டல். அப்பேர்ப்பட்ட ஊரில் காசு கொடுத்து ப்ளூபெர்ரி வாங்கி நடுவது கொல்லத் தெருவில் ஊசி விற்கிற கதைதான். அதற்காக ஒருத்தி கூடப்பிறந்தவனோடு மூன்று வருஷம் பேசாமல் இருப்பாளா என்பது வேறு விஷயம்.

இருந்தாலும் பார்த்துக்கொள்கிறேன்.

எல்டன்

*

ட்ரென்டன், நியூ ஜெர்சி
1982 ஜனவரி 5

எல்டன்,

உன் கடிதத்தை நானும் மாப்பிள்ளை சாலும் சேர்ந்து படித்தோம். கோழி கிளறின மாதிரி எழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது. போன் செய்யலாம்தான். ஆனால் நீ செவிடன் என்பதற்காக உலகமே செவிடு என்று நினைத்துக் கத்துவாய். கடிதமே போதும்.

ஒன்றைத் திருத்துகிறேன். ஊசிக் கதைக்காக நான் கோபித்துக்கொள்ளவில்லை. வாய் நிறைய நான் சுட்ட கேக்கை வைத்துக்கொண்டே, "அந்த ஜெர்சிப் பழம் ஒரு பழமா? தண்ணிப் பொட்டலம்" என்றாய். மேசையே சிரித்தது. பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். உனக்கு அது மறந்துபோயிருக்கும். சொன்னவனுக்கு எப்போதும் மறந்துவிடும்.

இப்போது செடிக்கு வருகிறேன். நட்ட முதல் மூன்று வசந்தமும் பூத்த பூவையெல்லாம் என் கையாலேயே கிள்ளிப்போட்டேன். அப்போதுதான் வேர் பிடிக்கும். மொட்டு மொட்டாகக் கிள்ளும்போது எனக்கே வயிறு எரியும். ஒரு பழம்கூட நான் இதுவரை வாயில் வைத்ததில்லை. இந்த வருஷம்தான் முதல் முறையாகக் காய்க்க விடப்போகிறேன். அதற்குள் இப்படி இடுப்பு உடைந்து, மகள் வீட்டுச் சாய்வு நாற்காலியில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகவே நீ அவற்றுக்கு எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருப்பது உனக்குக் கைவந்த கலை.

பூனைக்கு மீன் கொடு. நான் அதற்குக் கெட்ட பழக்கம் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஆர்வில்லா

*

ஹேடன் கோவ்
1982 மார்ச் 22

ஆர்வில்லா,

இன்னும் பனி. ஜன்னல் விளிம்புவரை ஏறி நிற்கிறது. சனிக்கிழமை தவறாமல் பீன்ஸ் வேக வைக்கிறேன். உன் மண்சட்டி, உன் வெல்லப்பாகு, ஆனால் உன் ருசி வரவில்லை. என்ன போடுவாய் என்று எழுது. பாதிரியார் வந்து ஒரு தட்டு சாப்பிட்டார். கடுகு போடுவாயாம். அவருக்கும் சரியாகத் தெரியவில்லை.

சும்மா இரு என்று எழுதியிருந்தாய். நான் அவ்வளவு மோசமானவன் இல்லை. உன் குச்சிகளுக்குக் குளிர்காலம் முழுக்க என்னால் ஆன ஊட்டம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அம்மா தன் லைலாக் செடிக்கும் முட்டைக்கோஸுக்கும் செய்வாளே, அதே வைத்தியம். இந்த ஊரில் செய்யாத வீடு கிடையாது. ஆகஸ்டில் பார்த்துவிட்டுப் பேசு.

உன் இடுப்பு எப்படி இருக்கிறது? நடக்கிறாயா?

எல்டன்

*

ட்ரென்டன்
1982 மே 9

எல்டன்,

ஊன்றுகோலுடன் தெருமுனைவரை நடக்கிறேன். அங்கே ஒரு பெட்ரோல் நிலையம். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன். ஒரு மனுஷிக்கு இதுவா காட்சி?

பீன்ஸுக்குக் கடுகும் ஒரு முழு வெங்காயமும். வெங்காயத்தைச் சட்டிக்கு அடியில் வைக்க வேண்டும்.

இங்கே ஒரு வேலை செய்துவிட்டேன். நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். நடீன் ஒரு மாதமாகவே சுற்றி வளைத்துக்கொண்டிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நேராகவே கேட்டுவிட்டாள்.

"எதுக்கும்மா திரும்பி அங்க போகணும்? இங்க என்ன குறை?"

"என் செடி காய்க்கப் போகுது."

"எட்டுச் செடிக்காகவா?"

"ஆமா. எட்டுச் செடிக்காகத்தான்."

கோபத்தில் சொல்லிவிட்டேன். சால் கில்லாடி, உடனே பிடித்துக்கொண்டான். "சரி, அப்படின்னா ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாம். ஆகஸ்டுல பழம் வந்தா நீங்க ஊருக்குப் போங்க, நாங்க குறுக்க நிக்கல. வரலேன்னா வீட்டை வித்துட்டு இங்கயே இருந்துடணும்" என்றான். நானும் சரியென்று கையைக் கொடுத்துவிட்டேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியும். கொடுத்த வார்த்தையிலிருந்து பின்வாங்க மாட்டேன்.

ஆகவே என் வீடு இப்போது அந்த எட்டுச் செடியில் தொங்குகிறது. அதென்ன அம்மாவின் வைத்தியம்? விவரமாக எழுது.

ஆர்வில்லா

*

ஹேடன் கோவ்
1982 ஜூன் 12

அன்புள்ள ஆர்வில்லா,

கலங்காதே. எட்டும் பூத்துக் குலுங்குகின்றன. வெள்ளைக் குஞ்சலமாகப் பூ, அதைச் சுற்றிக் குண்டு வண்டுகள். நான் கிள்ளவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காக்கிறேன்.

இலைகளும் வெகு அழகு. ஜெர்சி ஜாதிக்கு இப்படித்தான் போலிருக்கிறது. பின்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற நாலும் நல்ல மஞ்சள், தங்க மஞ்சள். நரம்பு மட்டும் பச்சைக் கோடாக ஓடுகிறது. யாரோ உட்கார்ந்து வரைந்த மாதிரி இருக்கிறது. தூரத்தில் இருக்கிற நாலும் வெறும் பச்சைதான். அவற்றுக்கு என் ஊட்டம் அவ்வளவாகப் போய்ச் சேரவில்லை. பனியில் அத்தனை தூரம் வாளியைச் சுமக்க என் முதுகு ஒத்துழைக்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் சரி செய்துவிடலாம்.

வெங்காயம் வைத்தேன். இப்போது ருசி வந்துவிட்டது.

எல்டன்

*

ட்ரென்டன்
1982 ஜூன் 17

எல்டன்,

வாளியில் என்ன? சாம்பலா? என் அடுப்புச் சாம்பலை என் ப்ளூபெர்ரிச் செடிக்கா கொட்டினாய்?

அது அழகு இல்லையடா, அது நோய். ப்ளூபெர்ரிக்குப் புளித்த மண் வேண்டும். சாம்பல் அந்தப் புளிப்பைத் தின்றுவிடும். லைலாக் வேறு, முட்டைக்கோஸ் வேறு, இது வேறு. ஐம்பது வருஷம் பொட்டலில் பெர்ரி வாரினவனுக்கு இதுகூடவா தெரியாது? பொட்டலில் யாராவது சாம்பல் மூட்டை சுமந்துபோய்க் கொட்டிப் பார்த்திருக்கிறாயா?

இதைப் படித்து முடித்ததும் நாற்காலியை விட்டு எழுந்திரு. மேல்மண்ணைக் கையால் சுரண்டி எடு. மண்வெட்டி கூடாது, வேர் மேலேயே ஓடும். சுரண்டின இடத்தில் புளித்த மண்ணைப் போடு. கந்தகம் வாங்கித் தூவு. தோட்டக் கடையில் இலைக்குத் தெளிக்கும் இரும்புச் சத்து விற்பார்கள், அதையும் வாங்கு. நடீனுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஆர்வில்லா

*

ஹேடன் கோவ்
1982 ஜூலை 1

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைத் தபால்காரரின் வண்டி பக்கத்தில் நின்றபடியே படித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருப்பா செத்துட்டாங்க?" என்று கேட்டார். "இன்னும் யாரும் சாகல" என்றேன்.

சொன்னதையெல்லாம் செய்துவிட்டேன். மண்டியிட்டு, விரலால் சுரண்டி. சாம்பல் ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. இவ்வளவு உழைத்து இவ்வளவு கெடுதல் செய்தவன் இந்த மாவட்டத்தில் வேறு யாரும் இருக்க மாட்டான்.

புளித்த மண்ணுக்குக் கடைக்குப் போகவில்லை. கடையில் மூட்டையில் கட்டி விற்பதை நம்புவானேன்? இந்த உலகத்தில் ப்ளூபெர்ரிக்குப் பிடித்த மண் எது என்று எனக்குத் தெரியும். என் பொட்டலின் கிழக்கு மூலையை வெட்டினேன். கொடியும் வேருமாகப் பாளம் பாளமாகப் பெயர்த்து, டிரக்கில் ஏற்றி வந்து, உன் நாலு செடியைச் சுற்றியும் பரப்பினேன். கொடியைப் பிய்த்து எறிய மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். இப்போது உன் ஜெர்சிக்காரிகளின் காலடியில் என் காட்டுக்காரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். சண்டை போடுகிறார்களா என்று காலையில் போய்ப் பார்த்தேன். இதுவரை இல்லை.

நாலில் பிஞ்சு நிறைய உதிர்ந்துவிட்டது. மறைக்க மாட்டேன். தூரத்து நாலில் நிற்கிறது. பறவைக்காகப் பழைய ஹெர்ரிங் மீன்வலையை மேலே போர்த்தியிருக்கிறேன். கொல்லை முழுக்க மீன் நாற்றம். உன் பூனை வலையடியிலேயே படுத்துக் கிடக்கிறது. ஆகவே பறவை வராது.

வைதுகொள். ஆனால் எழுது.

எல்டன்

*

ட்ரென்டன்
1982 ஜூலை 10

அன்புள்ள எல்டன்,

வைவதற்குத்தான் பேனாவை எடுத்தேன். கிழக்கு மூலை என்று படித்ததும் வைத்துவிட்டேன். அப்பா உனக்குப் பிரித்துக் கொடுத்ததில் அதுதான் நன்றாகக் காய்க்கிற இடம். வெட்டின இடத்தில் கொடி மறுபடி படர எத்தனை காலம் ஆகும் என்று எனக்கும் தெரியும். யாரும் கேட்காமல், முன்கூட்டி ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெட்டியிருக்கிறாய்.

உன் சோம்பேறித்தனத்துக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். நீ உழைப்பாளியாக இருந்திருந்தால் எட்டும் போயிருக்கும்.

ஏன் அந்தச் செடிகளை நட்டேன் என்று நீ கேட்டதே இல்லை. கேலி செய்தாய், கேட்கவில்லை. என் முழங்கால் போய் ஆறு வருஷம் ஆகிறது, எல்டன். பொட்டலில் பெர்ரி கணுக்கால் உயரம். சீப்பு மாதிரிப் பல் வைத்த வாரியைப் பிடித்துக்கொண்டு இடுப்பை இரண்டாக மடித்துக் குனிய வேண்டும். நான் குனிந்தால் யாராவது வந்து நிமிர்த்த வேண்டும். அறுவடைக்கு எல்லோரும் பொட்டலுக்குப் போவீர்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பேன். நடீன் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது பக்கத்து வீட்டில் ஒருத்தி மார்பு உயரச் செடியில், நின்றுகொண்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ப்ளூபெர்ரி பறிப்பதைப் பார்த்தேன். அன்றைக்கே வாங்கிவிட்டேன்.

இதைச் சர்ச் மேசையில் எழுந்து நின்று சொல்லியிருக்க முடியுமா? முழங்காலைப் பற்றியும் நீங்கள் ஒரு ஜோக் அடித்திருப்பீர்கள்.

ஆர்வில்லா

*

ஹேடன் கோவ்
1982 ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. இரண்டு தடவை உட்கார்ந்தேன். ஏன் நட்டாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

பழம் வந்துவிட்டது. தூரத்து நாலும் கொத்துக் கொத்தாக. சாம்பல் தின்ற நாலில் பழம் இல்லை, ஆனால் புதுத் துளிர் பச்சையாக வந்திருக்கிறது. பிழைத்துவிடும்.

இன்று காலை வாளியோடு போய் வலையைத் தூக்கிவிட்டு நின்றேன். என் பழக்கம் உனக்குத் தெரியும். பெர்ரி என்றதும் உடம்பு தானாகக் குனிந்தது. குனிந்து பார்த்தால் அங்கே வெறும் தண்டு. நிமிர்ந்தால் முகத்துக்கு நேரே பழம். நின்றுகொண்டே பறித்தேன். வாளி நிறைந்த பிறகும் முதுகு வலிக்கவில்லை. முதலில் நம்பவில்லை, வலி கொஞ்சம் தாமதமாக வருகிறது என்று நினைத்துக் காத்திருந்தேன். வரவில்லை. ஐம்பது வருஷத்தில் வலியில்லாமல் பெர்ரி பறித்த முதல் நாள் இது.

ருசி பற்றி: தண்ணிப் பொட்டலம்தான். ஆனால் நல்ல தண்ணீர். இதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே.

ஒரு காபி டப்பா நிறையப் பழம் அனுப்பியிருக்கிறேன். மேசையில் வைத்து உன் மாப்பிள்ளையிடம் சொல்: ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

எல்டன்

*

ட்ரென்டன்
1982 ஆகஸ்ட் 17

அன்புள்ள எல்டன்,

டப்பா வந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே ஜாம். பார்சல் தபால்காரரின் சட்டையெல்லாம் ஊதா. ஆகஸ்ட் வெயிலில் பழத்தைத் தபாலில் அனுப்புகிற ஆள் நீ ஒருவன்தான். அடியில் முழுசாக இருந்த ஏழெட்டைப் பொறுக்கி நான் தின்றேன். வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. மிச்சத்தைச் சால் ஐஸ்கிரீம் மேல் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, டப்பாவை வழித்து நக்கினான். "தோத்துட்டேன்" என்றான். நல்ல பிள்ளை.

நான் பெட்டியை எடுத்துவைக்கப் போனேன். நடீன் பின்னாலேயே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். சண்டை போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"பழம் வந்துடுச்சும்மா, சரி. ஜனவரில திரும்பவும் பனி உறையும். அன்னிக்கு நீ விழுந்து கிடந்தப்ப தபால்காரர் வந்ததால பிழைச்சே. அடுத்த தடவை யாரு இருப்பா உன்கூட?"

எனக்குப் பதில் வரவில்லை. அவள் கண்ணில் தண்ணீர். அதைப் பார்த்த பிறகு எப்படிப் போவது? வீட்டைப் பார்க்க ஒரு தரகர் வருவார், விலை மட்டும் கேட்டுவைப்போம் என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டேன். சனிக்கிழமை வருவார். கதவைத் திறந்துவிடு.

பழம் நன்றாக இருந்தது, எல்டன். ரொம்ப நன்றாக இருந்தது.

ஆர்வில்லா

*

ஹேடன் கோவ்
1982 ஆகஸ்ட் 22

அக்கா,

தரகர் வந்தார். வெள்ளைக் காலணி. நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

"இங்கிருந்து கடல் தெரியுமாமே?"

"தெரியும். மூடுபனி விலகினா. ஜூலையில ஒரு நாள் பாத்தேன்."

"பாதாள அறை எப்படி?"

"நல்ல அறை. ஏப்ரல்ல தண்ணி ஏறும். மீன் வராது, பயப்படாதீங்க."

"என்ன நாத்தம் இது?"

"ஹெர்ரிங் வலை. பழகிடும். எனக்கு ஐம்பது வருஷத்துல பழகிடுச்சு."

"பக்கத்துல யார் இருக்காங்க?"

"நான்தான்."

யோசித்து எழுதுவதாகச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். காலணி அப்போது வெள்ளையாக இல்லை.

சிரித்து முடித்துவிட்டாயா? இப்போது எனக்குக் கோபம். யாரு இருப்பா உன்கூட என்று நடீன் கேட்டாள். உனக்குப் பதில் வரவில்லையா? டிசம்பரிலிருந்து இந்த வீட்டில் அடுப்பு மூட்டுகிறவன் யார்? உன் வாயில் என் பெயர் ஏன் வரவில்லை?

ஏன் என்று எனக்கே தெரியும். நான் கேட்கவில்லை. இந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டோம். மூன்று வருஷம் ஒரே சர்ச்சில் வேறு வேறு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இப்போது கேட்கிறேன். நான் இங்கேயே இருக்கட்டுமா? என் வீட்டுக் கூரையைச் சரிசெய்ய எனக்கு இனித் தெம்பில்லை. அது ஒரு காரணம். ஆனால் அது சின்னக் காரணம். பெரிய காரணம், சட்டியளவு பீன்ஸை ஒருத்தன் தனியாகத் தின்ன முடியவில்லை. எனக்கு நீ இங்கே வேண்டும். பழம் வந்தாலும் வராவிட்டாலும்.

பனி உறைந்து வழுக்காமல் படியில் உப்பு தூவுகிறேன். கைப்பிடிக் கட்டையும் அடித்துவிடுகிறேன். அடுப்புச் சாம்பல் இனிப் படிக்கு மட்டும்தான்.

எல்டன்

*

ட்ரென்டன்
1982 ஆகஸ்ட் 27

அன்புத் தம்பி,

உன் கடிதத்தை நடீனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். தரகர் இடத்தில் சால் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டான். அடுத்த பகுதியை என்னால் உரக்கப் படிக்க முடியவில்லை. நடீனே வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மாமாவோட உன்னால ஒரே வீட்ல இருக்க முடியுமா?" என்றாள். "பதினெட்டு வயசுவரைக்கும் இருந்திருக்கேன். அப்ப அவன் இன்னும் மோசம்" என்றேன்.

தன்னுடைய ஒப்பந்தமும் ஒன்று உண்டு என்கிறாள். நவம்பரில் நன்றி தெரிவிக்கும் பண்டிகைக்கு அவர்கள் அங்கே வருவார்களாம், கைப்பிடிக் கட்டையை இழுத்துப் பார்க்கத்தானாம். பலமாக அடி.

மாடி அறை உனக்கு. எனக்கு இனி மாடி ஏற முடியாது, கீழே படுத்துக்கொள்கிறேன். வலையைத் துவைத்துப் போடு. சர்ச்சில் உன் பெஞ்சுக்கு நான் வர மாட்டேன், அங்கே காற்று வீசும். நீ என் பெஞ்சுக்கு வா.

மூன்று வருஷம் உன்னோடு பேசாமல் இருந்தது எனக்கும் சுலபமாக இல்லை. நல்லதோ கெட்டதோ எது நடந்தாலும் முதலில் உன்னிடம் சொல்லத்தான் வாய் வரும். வந்ததை விழுங்கிக்கொள்வேன்.

வியாழக்கிழமை மத்தியானப் பேருந்தில் வருகிறேன். சால் டிக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டான். தோற்றவன் கொடுப்பதுதானே முறை.

அதற்குள் எல்லாவற்றையும் பறித்து முடித்துவிடாதே, எல்டன். ஒரு செடியிலாவது பழத்தை அப்படியே விட்டுவை. நான் நின்றுகொண்டு பறிக்க வேண்டும்.

ஆர்வில்லா